விலையும் முகவரியும்



விளம்பரம் எழுதும் கலைக்கு நம் முன்னோரே வழிகாட்டிகள். 1893-இல் இரட்டைமலை சீனிவாசன் தம் இதழுக்குப் ‘பறையன்’ என்றே பெயரிட்டார். இழிவென்று பிறர் சொன்ன பெயரை மறைத்தாரில்லை. 1907-இல் அயோத்திதாசப் பண்டிதர் இராயப்பேட்டையில் தொடங்கிய வார இதழ் ‘ஒரு பைசாத் தமிழன்’. விலையையும், அது யாருக்குரியது என்பதையும் பெயரே அறிவித்தது.

தையற்கடையோ பால் விற்பனையோ தொடங்கும் நம் இளைஞர், துண்டறிக்கையில் ‘மலிவு’ என்று எழுதாமல் விலையையே எழுதுக. ‘உயர்ந்த தரம்’ என்னாமல், எத்துணி, எத்தனை நாளில் கிடைக்கும் என்று எழுதுக. எழுதிய சொல்லைக் காப்பாற்றுக. முகவரியில் நம் தெருவின் பெயரை விட்டுவிடாதீர்கள். தெருவை மறைத்துப் பெறும் வாடிக்கை, தெரு தெரிந்த அன்றே போய்விடும். வாய்மையால் பெற்றது நிலைத்து நிற்கும்.