நரசி மேத்தா எழுதிய உண்டியல்

‘மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான்’ என்பது நாம் இளமை முதல் கேட்டுவரும் பழமொழி. இதைச் சொல்லுதல் எளிது. கையில் பொருள் இல்லாத நாளில் நம்புதல் அரிது. சொந்த ஊரை விட்டு வேற்று மாநிலத்தில் வாழ்வோர்க்கோ அது இன்னும் அரிது. ஊரில் இருந்தால் மாமன் உண்டு, பங்காளி உண்டு, பழகிய மளிகைக் கடை உண்டு. ஒருபடி அரிசியேனும் கைமாற்றாகக் கிடைக்கும். மொழி பழகாத ஊரில், வேலையும் போய்விட்ட நிலையில், யார் வாசலில் சென்று நிற்பது? அத்தகைய வேளையில் ‘கடவுள் தருவார்’ என்று சொல்கிறோமே, அச்சொல்லுக்குப் பொருள் என்ன? அது மனத்தைத் தேற்றிக்கொள்ளும் பேச்சு மட்டுந்தானா? இவ்வினாவுக்குக் குஜராத்து மக்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் ஒரு கதை விடை தருகிறது.

அக்காலத்தில் நெடுவழி செல்வோர் பெருந்தொகையைக் கையில் கொண்டு செல்ல அஞ்சினர். ஆகவே ஓர் ஊர் வணிகரிடம் பணத்தைக் கட்டிவிட்டு, போகும் ஊரிலுள்ள வணிகருக்கு ஒரு சீட்டு எழுதி வாங்கிக்கொள்வர். அங்கே சீட்டைக் காட்டினால் பணம் கிடைக்கும். வடநாட்டார் அதை ஹுண்டி என்றனர். தமிழ் வணிகரும் அதை உண்டியல் என்று வழங்கினர். இன்று அச்சொல்லைக் கேட்டால் நமக்குக் கோயில் காணிக்கைப் பெட்டியே நினைவுக்கு வருகிறது. உண்டியலுக்கு உயிர் நாணயம். எழுதியவருக்கும் பணம் கொடுப்பவருக்கும் இடையே பழைய கணக்கு ஒன்று இருத்தல் வேண்டும். கணக்கில்லாதவர் எழுதிய சீட்டு வெறுந்தாள்.

நரசி மேத்தா 15-ஆம் நூற்றாண்டில் ஜூனாகத்தில் வாழ்ந்த அடியார். காந்தியடிகள் பெரிதும் விரும்பிய ‘வைஷ்ணவ ஜனதோ’ என்னும் பாடலை இயற்றியவர் இவரே. கண்ணன் புகழைப் பாடுவதன்றி வேறு தொழில் அறியார். தாழ்த்தப்பட்டோர் இல்லங்களுக்குச் சென்று பாடியதால் தம் சாதியாரின் சினத்துக்கும் ஆளானார். ஒருநாள் துவாரகைக்குச் செல்லும் யாத்திரிகர் சிலர் ஜூனாகத்துக்கு வந்தனர். வழியில் கள்வர் பயம். கையிலிருந்த 700 ரூபாய்க்கு உண்டியல் எழுதித் தரும் வணிகர் யார் என்று விசாரித்தனர். ஊரிலிருந்த குறும்பர் சிலர் நகைப்புக்காக நரசியின் வீட்டைக் காட்டிவிட்டனர்.

பணத்துடன் வந்து நின்றவர்களை நரசி திருப்பி அனுப்பவில்லை. துவாரகையிலுள்ள சாமளசா சேட் என்பவர் பேருக்கு உண்டியல் எழுதிக் கொடுத்தார். சாமளன் என்றால் கருநிறத்தவன். அவர் அறிந்த ஒரே சேட் கண்ணபிரானே. பெற்ற பணத்தையோ அடியார்க்கும் ஏழையர்க்கும் உணவிட்டுச் செலவழித்துவிட்டார். யாத்திரிகர் துவாரகை சேர்ந்து தெருத்தெருவாகத் தேடினர். அப்பெயருடைய வணிகர் ஒருவரும் இல்லை என்றே யாவரும் கூறினர். ஏமாந்தோம் என்று அவர்கள் கலங்கி நின்றபோது, கணக்கேட்டுடன் ஒரு வணிகர் எதிரே வந்து, ‘சாமளசா நான்தான்’ என்று சொல்லிப் பணத்தை எண்ணிக் கொடுத்தார் என்பது கதை. 17-ஆம் நூற்றாண்டில் வடோதரா கவிஞர் பிரேமானந்தர் இதை ஆக்கியானமாகப் பாடினார். விரல்களில் மோதிரம் அணிந்து செப்புக் குடத்தைத் தட்டிக்கொண்டு இத்தகைய கதைகளைப் பாடுவது அந்நாட்டு மரபு.

இக்கதையில் நாம் ஊன்றி நோக்கவேண்டியவை இரண்டு. நரசி தமக்கென்று ஒரு காசும் கேட்கவில்லை. வந்த பணம் பிறர் பசிக்குச் சென்றது. இது ஒன்று. உண்டியல் செல்லாமற் போயிருந்தால் துன்புற்றிருப்பவர் நரசி மட்டுமல்லர். அவரை நம்பிய வழிப்போக்கரும் நடுத்தெருவில் நின்றிருப்பர். ஆகவே கடவுளை நம்பிச் சொல்லும் சொல் விளையாட்டன்று. அச்சொல்லைக் காப்பாற்ற யாரேனும் ஒருவர் வந்தாக வேண்டும். கண்ணன் சங்கு சக்கரத்துடன் வந்ததாகக் கதை சொல்லவில்லை. கணக்கேடு ஏந்திய வணிகராக வந்தார் என்றே சொல்கிறது. இது மற்றொன்று.

நம் நாட்டுப் பெரியபுராணமும் இதை ஒத்த நிகழ்ச்சி ஒன்றைக் கூறுகிறது. பஞ்சம் வந்த காலத்தில் திருவீழிமிழலைக் கோயிலில் சம்பந்தருக்கும் நாவுக்கரசருக்கும் நாள்தோறும் ஒவ்வொரு பொற்காசு கிடைத்தது. அதைக் கொண்டு அவர்கள் அடியார்க்கு அமுதளித்தனர். நாவுக்கரசரின் காசு முழுமதிப்புப் பெற்றது. சம்பந்தரின் காசுக்கோ கடைத்தெருவில் வாசி என்னும் கழிவு பிடித்தனர். அதனால் அவர் திருமடத்தில் சமையல் நேரமாயிற்று. காரணம் யாது? நாவுக்கரசர் உழவாரம் ஏந்திக் கையால் தொண்டு செய்தவர் என்று சேக்கிழார் விளக்குகிறார். பின்னர்ச் சம்பந்தர் பாடி வாசியற்ற காசு பெற்றார். இறைவனை நம்புவது என்பது கைகட்டிச் சும்மா இருப்பதன்று என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல இயலாது.

ஆயினும் ஒரு தடை எழும். வேண்டிய வேளையில் எல்லார்க்கும் கிடைத்துவிடுகிறதா? இல்லை. 1630-ஆம் ஆண்டில் தொடங்கிய பெரும்பஞ்சம் குஜராத்தையும் தக்காணத்தையும் வாட்டியது. புனாவுக்கு அருகே தேஹு என்னும் ஊரில் கடை வைத்திருந்த துக்காராமின் வாணிகம் அழிந்தது. முதல் மனைவி உணவின்றி மாண்டார். அவர் வீட்டுக்கு எந்தச் சேட்டும் வரவில்லை. அவருக்கு வரவேண்டிய கடன்கள் இருந்தன. அவர் செய்தது யாது? கடன் பத்திரங்களைத் தம்பியுடன் பங்கிட்டுத் தம் பங்கை இந்திராயணி ஆற்றில் எறிந்துவிட்டார் என்பது மரபு. தமக்கு வராத உதவி, தம்மிடம் கடன்பட்ட ஏழையர்க்கேனும் வரட்டும் என்று அவர் எண்ணினார் போலும். கேட்டது கிடைத்தபோது நம்புவது ஒரு நிலை. கிடைக்காதபோதும் பிறர்க்குக் கொடுத்து நிற்பது அதனினும் உயர்ந்த நிலை.

என் இளமையில் நேர்ந்த ஒன்றையும் கூறுகிறேன். என் தந்தையார் அகமதாபாத்தில் துணி ஆலைத் தொழிலாளி. 1980-களில் அந்நகரத்து ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. எங்கள் வீட்டு அடுப்பும் அவியும் நிலை வந்தது. தெருமுனையில் ஒரு குஜராத்தியர் மளிகைக் கடை வைத்திருந்தார். பிள்ளைகள் அவரைக் காகா என்போம். ஒருநாள் என் தாயார் பாதி அரிசியை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பினார். ‘மீதிக்கு என்ன செய்வீர்கள், பென்?’ என்று அவர் கேட்டார். பென் என்றால் சகோதரி. ‘கடவுள் கொடுப்பார்’ என்று அம்மா தமக்குத் தெரிந்த அரைகுறைக் குஜராத்தியில் சொன்னார். அவர் பேசாமல் மீதி அரிசியையும் அளந்து, சிவப்புத் துணி அட்டையிட்ட ஏட்டில் எழுதிக்கொண்டார். அவ்வாறே எட்டு மாதம் எழுதினார்.

தந்தையார் தள்ளுவண்டியில் இட்டிலி விற்று அக்கடனை மூன்று ஆண்டுகளில் அடைத்தார். கடைசித் தவணையைக் கொடுக்கச் சென்ற அன்று நானும் உடன் இருந்தேன். ‘எங்களை எதை நம்பி நம்பினீர்கள், சேட்?’ என்று அப்பா கேட்டார். ‘கடவுள் கொடுப்பார் என்று உங்கள் வீட்டம்மா என் கடையில் நின்று சொன்னார். நான் கொடுக்காமல் விட்டிருந்தால் அவர் சொல் பொய்யாகியிருக்குமே’ என்றார் காகா. பிறகுதான் நரசியின் கதையை எங்களுக்குச் சொன்னார். நான் அதைக் கேட்டது அன்றே முதல் முறை.

இப்போது தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். ‘கடவுள் தருவார்’ என்னும் சொல் ஓர் உண்டியல். இல்லாதவர் அதைக் கடவுள் பேருக்கு எழுதுகிறார். ஆனால் அது யார் கையில் வந்து சேரும் என்பதை எழுதியவரும் அறியார். தேவை வந்த நாளில் அதை எழுத நாம் நாணவேண்டியதில்லை, உழைத்துக்கொண்டே எழுதலாம். அன்றி, நம் கையில் சிறிது பொருள் இருக்கும் நாளில் அடுத்த வீட்டிலோ, தொழிற்சாலை வாயிலிலோ, புகைவண்டி நிலையத்திலோ புதிதாக ஊர் வந்த ஒருவர் திகைத்து நிற்பதைக் கண்டால், அவர் எம்மொழியினராயினும், அவ்வுண்டியல் நம் பேருக்கு வந்திருக்கிறது என்று கொள்ளவேண்டும். அதைச் செல்லாச் சீட்டாக்கித் திருப்பி அனுப்பாதிருப்போமாக.