பழைய லாண்ட் றோவருக்குப் புதிய காபரேற்றர் பூட்டுதல்

(மரக்கறிச் செய்கையாளரும் நெற்செய்கையாளரும் கூடிய கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சு)



வயலையும் தோட்டத்தையும் பற்றிப் பேசவேண்டிய இடத்தில், இவன் வண்டியின் காபரேற்றரைப் பற்றிப் பேச வந்துள்ளானே என்று உங்களிற் சிலர் எண்ணுதல் கூடும். மாரஸ்ஸனையிலும் தலாத்துஓயாவிலும் பிற்பகலில் ஆய்ந்த போஞ்சிக்காய் மறுநாள் விடியுமுன் கண்டிச் சந்தையை அடைதல் வேண்டும். ஏற்றத்தின் நடுவில் வண்டி இருமி நின்றுவிடுமாயின், காலை ஆறு மணிக்குக் கிடைத்திருக்கக்கூடிய விலை பத்து மணிக்குக் கிடைப்பதில்லை. நன்றாக விளைவித்த பொருளை நல்ல விலைக்கு விற்கும் வரையில் கமத்தொழில் முடிவடையவில்லை. ஆதலின் வண்டியைப் பேணுதலும் கமத்தொழிலின் ஒரு பகுதியேயாம்.

எமது மலைப் பாதைகளில் இன்றும் பழைய லாண்ட் றோவர் வண்டிகள் பல சுமை ஏற்றிச் செல்கின்றன. 1958 ஆம் ஆண்டிற்குப் பின் வெளிவந்தவற்றுட் பல, 2286 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுள்ள நான்கு சிலிண்டர்ப் பெற்றோல் இயந்திரத்தை உடையவை. 2020 மார்ச்சு மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியிலேயே தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது. அவ்வைந்தாண்டுக் காலமும் பழைய வண்டிகளே எம்மைக் காத்தன. 2022 யூன் மாத இறுதியில் பெற்றோல் லீற்றர் ஒன்று 470 ரூபாவாக உயர்ந்ததையும், வரிசையில் நாட்கணக்காகக் காத்திருந்ததையும் நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். வீணாக ஒழுகும் ஒரு துளிப் பெற்றோலும் உங்கள் விளைச்சலின் ஒரு பங்கே என்பதை அக்காலம் எமக்குக் கற்பித்தது.

காபரேற்றரின் தொழில்

பெற்றோல் தனியே எரிவதில்லை. காற்றோடு கலந்து புகைபோன்ற தூவலாக மாறியபின்னரே சிலிண்டருக்குள் நன்கு எரிகின்றது. நிறையளவில் ஒரு பங்கு பெற்றோலுக்கு ஏறக்குறைய 15 பங்கு காற்று வேண்டும். இக்கலவையைச் செய்து கொடுப்பதே காபரேற்றரின் தொழில். அதன் ஒடுங்கிய தொண்டை வழியாகக் காற்று விரைந்து செல்லும்பொழுது அங்கே அமுக்கம் குறைகின்றது. அதனால் சிறு துவாரமுள்ள ஜெற் வழியாகப் பெற்றோல் உறிஞ்சப்படுகின்றது. தொண்டையின் கீழ் உள்ள வட்டத் தகடே திரொட்டில் எனப்படும். நீங்கள் அக்ஸிலேற்றர் மிதியை மிதிக்கும்பொழுது இத்தகடு திறக்கின்றது. மிதிக்கும் தகட்டிற்கும் இடையிலுள்ள கம்பிகள், நெம்புகள், குண்டு மூட்டுகள் ஆகியனவே இணைப்பு. காபரேற்றர் பழுதானால் வண்டி நின்றுவிடும். இணைப்புப் பழுதானால் வண்டி நில்லாமற் போகும். இரண்டாவதே கொடிது.

மாற்றுவதற்கு முன் ஆராய்க

வண்டி கரும்புகை கக்கினாலும், இழுவை குறைந்தாலும், உடனே காபரேற்றரைக் குறை கூறுதல் பலருடைய வழக்கம். முதற்கண் பின்வருவனவற்றைப் பார்த்தல் வேண்டும். ஸ்பார்க் பிளக்கின் இடைவெளி 0.029 முதல் 0.032 அங்குலம் வரையும், பழைய முறை டிஸ்ட்ரிபியூற்றரின் பொயின்ற் இடைவெளி 0.014 முதல் 0.016 அங்குலம் வரையும், வால்வு இடைவெளி 0.010 அங்குலமும் இருத்தல் வேண்டும். காற்று வடிகட்டியின் எண்ணெய் சேறாகியிருப்பினும் கலவை தடித்துவிடும். இவை யாவும் செம்மையாக இருந்தும் குறை நீங்காவிடின், அப்பொழுது காபரேற்றரைச் சந்தேகிக்கலாம்.

இவ்வியந்திரத்திற்கு முற்காலத்தில் சொலெக்ஸ் காபரேற்றரும், பின்னர் செனித் 36 ஐ.வி. வகையும் பூட்டப்பட்டன. செனித் வகையில் மேற்பாகத்தின் தட்டையான முகம் வெப்பத்தாலும், அளவுமீறி இறுக்குவதாலும் காலப்போக்கில் வளைவதுண்டு. உள்ளேயுள்ள சிறு இறப்பர் வளையமும் இறுகிப்போகும். அப்பொழுது இயந்திரம் நிலையோட்டத்தில் தடுமாறும். பெற்றோலும் மிகையாகச் செல்லும். கண்ணாடித் துண்டின்மேல் மெல்லிய அரத்தாள் வைத்து அம்முகத்தைச் சமமாகத் தேய்த்து, வளையத்தையும் காஸ்கெற்றையும் மாற்றினால் பல வேளைகளில் பழையதே மீண்டும் நன்கு உழைக்கும். இதனைச் செய்து பார்க்காமற் புதியதற்குப் பணம் செலவிடுதல் வேண்டாம். திரொட்டில் தண்டு அதன் துவாரத்தில் ஆடுமளவிற்குத் தேய்ந்திருப்பின் மாத்திரம் புதியதை வாங்குதல் தகும்.

மாற்றாக வாங்கப்படுவனவற்றுட் பெரிதும் வழங்குவது வெபர் 34 ஐ.சி.எச். வகையாகும். 34 என்பது அதன் வாயின் விட்டத்தை மில்லிமீற்றரிற் குறிப்பதாகும். வாய் சற்றே சிறிதாகையால், அதிவேகத்தில் வலு சிறிது குறையலாம். ஆயினும் மலைப்பாதையிற் சுமையோடு மெதுவாக ஊரும் எமது வண்டிகளுக்கு இது பெருங்குறையன்று. எரிபொருட் சிக்கனமும் கிடைக்கும். சந்தையிற் போலிப் பொருள்களும் உள. வாங்கும்பொழுது திரொட்டில் தண்டை விரலால் அசைத்துப் பாருங்கள், ஆட்டமிருப்பின் வாங்கவேண்டாம். இடைத்தட்டு, காஸ்கெற்றுகள், இணைப்பு நெம்பு என்பன உடன் உள்ளனவா என்றும் பார்த்துக்கொள்க.

பூட்டும் முறை

வேலையைத் திறந்த வெளியில், இயந்திரம் நன்றாக ஆறிய பின்னர்ச் செய்க. பற்றறியின் ஏர்த் கம்பியைக் கழற்றிவிடுக. அண்மையிற் பீடியோ அடுப்போ இருத்தலாகாது. ஒரு வாளி உலர்ந்த மணல் அருகிருக்கட்டும். பெற்றோல் தீயை நீரால் அணைக்க முயலுதல் தவறு.

இவ்வியந்திரத்தின் அமைப்பிலே ஓர் ஆபத்து உண்டு. காற்று உட்செல்லும் குழாயும் புகை வெளியேறும் குழாயும் ஒரே பக்கத்தில் இணைந்திருக்கின்றன. காபரேற்றர் அவற்றின் மேலே அமர்ந்திருக்கின்றது. ஆகவே ஒழுகும் பெற்றோல் சூடான புகைக்குழாயின் மீதே விழும். பெற்றோற் குழாய் பழையதாயிருப்பின், காபரேற்றரோடு அதனையும் மாற்றி, நல்ல கிளிப்புகளால் இறுக்குக.

பழையதைக் கழற்றியவுடன், உட்குழாயின் வாயிற் சுத்தமான துணியை அடைத்துவிடுக. உள்ளே விழுந்த ஒரு நட் இயந்திரத்தையே அழித்துவிடும். பழைய காஸ்கெற்றின் எச்சங்களைச் சுரண்டிய பின்னர், துணியை எடுத்து, இடைத்தட்டைப் புதிய காஸ்கெற்றுகளோடு அமைத்து, இரு பக்கத்து நட்டுகளையும் மாறிமாறிச் சிறிது சிறிதாக இறுக்குக. ஒரு பக்கத்தை முற்றாக இறுக்கிய பின் மறுபக்கத்திற்குச் செல்வீராயின் விளிம்பு வளைந்து காற்று கசியும்.

காற்று வடிகட்டியின் வளைகுழாய் புதிய காபரேற்றரிற் பொருந்தவில்லை என்று சொல்லி, அதனை முற்றாகக் கழற்றிவிட்டு ஓட்டுவோரை நான் கண்டிருக்கிறேன். சூடடிக்கும் களத்துத் தூசியும், வறண்ட தோட்டப் பாதையின் தூசியும் சிலிண்டரைத் தேய்க்கும் அரத்தூள் போன்றவை. பொருத்தமான இறப்பர் வளைகுழாயைத் தேடிப் பூட்டிய பின்னரே வண்டியை எடுக்கவேண்டும்.

பெற்றோற் பம்பிலுள்ள கை நெம்பை அசைத்துக் காபரேற்றரை நிரப்பி, மூட்டுகளிற் கசிவுண்டா எனக் காய்ந்த விரலால் தொட்டுப் பார்க்குக. அதன் பின்னரே பற்றறியை மீண்டும் இணைக்கலாம்.

இணைப்பே உயிர்

இப்பொழுது கூறப்போவதை அனைவரும் கருத்தூன்றிக் கேட்குமாறு வேண்டுகிறேன். இஃது எனக்கே நேர்ந்தது. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு சனிக்கிழமை மாலை, மறுநாட் சந்தையை எண்ணி அவசரமாக என் வண்டிக்குப் புதிய காபரேற்றரைப் பூட்டினேன். பழைய கம்பியையே புதிய நெம்பில் மாட்டினேன். மிதித்துப் பார்த்தேன், இயந்திரம் சீறியது, அதுவே போதுமென எண்ணினேன். விடியற்காலையிற் கோவா மூட்டைகளோடு கலகாப் பக்கத்திலிருந்து பேராதனை நோக்கி இறங்கினேன். நடுவே ஒரு சிறு ஏற்றம். அங்கு முதன்முறையாக மிதியை அடிவரை மிதித்தேன். ஏற்றம் முடிந்தது, காலை எடுத்தேன், இயந்திரமோ அடங்கவில்லை. முன்னாலே வளைவு. தெய்வாதீனமாகச் சாவியைத் திருப்பும் நினைவு வந்தது. வண்டி மண்மேட்டோரக் கானில் இறங்கி நின்றது. எவருக்கும் காயமில்லை; கோவாவிற் பாதி தேயிலைச் செடிகளுக்கிடையே உருண்டது.

காரணம் யாது? புதிய நெம்பின் நீளமும் சுழற்சியும் பழையதிலிருந்து வேறுபட்டவை. முழுதாக மிதித்தபொழுது கம்பியும் நெம்பும் ஒரே நேர்கோட்டிற்கு வந்து, அதனையும் தாண்டி மறுபுறம் சென்று மாட்டிக்கொண்டன. இருந்த ஒரேயொரு ஸ்பிரிங்கும் தளர்ந்தது. கால் மணி நேரச் சோதனை இதனைக் காட்டியிருக்கும். அச்சோதனை வருமாறு:

இயந்திரத்தை ஓட்டாது, ஒருவர் மிதியை மெதுவாக அடிவரை மிதிக்க, மற்றொருவர் காபரேற்றரின் வாய்க்குள் நோக்குக. முழு மிதியில் தகடு செங்குத்தாக நிற்றல் வேண்டும்; அதனைத் தாண்டலாகாது. அவ்வேளையிலும் கம்பிக்கும் நெம்புக்கும் இடையில் தெளிவான கோணம் இருத்தல் வேண்டும். காலை எடுத்தவுடன் நெம்பு தானாகவே நிறுத்து திருகாணியில் வந்து முட்டவேண்டும். இதனை இருபது முறை செய்க. மிதி அளவுமீறிச் செல்லாவண்ணம் அதன் அடியில் தடை அமைக்குக.

தேய்ந்த குண்டு மூட்டுகளை மாற்றுக. மீள்விக்கும் ஸ்பிரிங் இரண்டு இருத்தல் வேண்டும். ஒன்று அறுந்தாலும் மற்றையது தகட்டை மூடும். பிளவு ஊசி இருக்கவேண்டிய துவாரத்தில் ஆணியையோ கட்டுக்கம்பியையோ இடாதீர்கள். இயந்திரம் இறப்பர் தாங்கிகளின்மேல் இருப்பதால் சுமை இழுக்கும்பொழுது சற்றே திரும்பும். ஆகவே கம்பிக்குச் சிறிது தளர்வு விடுக. மிதியின் கீழே பசளைச் சாக்கு விரிக்கும் வழக்கத்தையும் விட்டொழிக்குக.

இத்தனைக்கும் மேல் என்றேனும் திரொட்டில் சிக்கிக்கொண்டால், சாவியைத் திருப்பி இயந்திரத்தை நிறுத்துக; ஆனால் சாவியை வெளியே இழுக்காதீர், சில வண்டிகளில் ஸ்ரியறிங் பூட்டிக்கொள்ளும். கிளச்சை மிதியாது, கியரிலேயே விட்டு, பிரேக்கை உறுதியாக அழுத்துக. கியரிலுள்ள இயந்திரமும் வண்டியைத் தடுத்து உதவும்.

சரிசெய்தலும் மலையின் உயரமும்

இயந்திரம் நன்கு சூடாகிய பின்னர், நிலையோட்டக் கலவைத் திருகாணியை மெதுவாக உட்செலுத்துக, இயந்திரம் தளரும். பின் வெளியே திருகுக. சீராகி, மேலும் திருகினால் தடுமாறும். இவ்விரண்டிற்கும் இடையில் மிகச் சீராக ஓடும் இடத்தில் நிறுத்துக. திருகாணியை அடிவரை இறுக்கினால் அதன் ஊசிமுனை கெடும். ஜெற் அடைத்துக்கொண்டால் கம்பியாற் குத்தாமல் காற்றால் ஊதுக. துவாரம் சிறிது பெருத்தாலும் என்றென்றும் பெற்றோல் வீணாகும்.

கண்டி நகர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்திலும், நுவரெலியா 1,800 மீற்றருக்கு மேலும் உள்ளன. கடற்கரையோடு ஒப்பிட்டால் கண்டியிற் காற்றின் அடர்த்தி நூற்றுக்கு ஐந்தளவும், நுவரெலியாவில் நூற்றுக்குப் பதினாறளவும் குறைவு. காற்றுக் குறைய, கலவை தடிக்கும், வலுவும் குறையும். ஆகவே கொழும்பிற் சரிசெய்த வண்டி ரம்பொடை ஏற்றத்திற் கரும்புகை விடுவது வியப்பன்று. நீங்கள் பெரும்பாலும் ஓடும் உயரத்திலேயே சரிசெய்தல் நன்று. சில நாட்கள் ஓடியபின் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். இளம் பழுப்பு நிறம் நன்மையைக் காட்டும். கரி படிந்திருப்பின் பெற்றோல் மிகை. வெண்மையாக இருப்பின் பெற்றோல் குறைவு. மிகை பணத்தை எரிக்கும்; குறைவு வால்வை எரிக்கும்.

நெற்செய்கையாளருக்கு ஒரு சொல்

சிறுபோகத்தில் நீர் இறைக்கும் சிறு இயந்திரங்களுக்கும் இவ்விதிகளே பொருந்தும். மண்ணெண்ணெயில் ஓடும் இயந்திரத்திற்குப் பெற்றோல் வகைக் காபரேற்றரை வாங்கிப் பூட்டாதீர். ஜெற்றின் அளவு வேறு. வேகத்தை ஆளும் கவர்னரின் மெல்லிய கம்பியையும் சிறு ஸ்பிரிங்கையும் எந்தத் துவாரத்திலிருந்து கழற்றினீர்களோ அதே துவாரத்தில் மாட்டுக. மாறிப் பூட்டினால் இயந்திரம் கட்டுக்கடங்காது ஓடிச் சிதைதல் கூடும். நிறுத்துமுன் பெற்றோலுக்கு மாற்றிச் சிறிது நேரம் ஓடவிடுக. மறுநாள் எளிதில் இயங்கும்.

நினைவிற் கொள்க

1. பிளக், பொயின்ற், வால்வு, காற்று வடிகட்டி ஆகியவற்றைப் பார்த்தபின்னரே காபரேற்றரைத் தொடுக.
2. பழையதைச் செப்பனிட முடியுமாயின் புதியதை வாங்காதீர்.
3. பெற்றோற் கசிவு ஒரு துளியாயினும் வண்டியை ஓட்டாதீர்.
4. முழு மிதியில் இணைப்பு மாட்டுகின்றதா என இருபது முறை சோதிக்குக.
5. ஸ்பிரிங் இரண்டு, பிளவு ஊசி புதிது.
6. சுமையின்றி ஒரு முறை ஏறி இறங்கிப் பார்த்த பின்னரே சுமை ஏற்றுக.

பெருமக்களே, நாற்றை நட்டவன் வேர் பிடித்ததா என்று மறுநாளும் போய்ப் பார்க்கின்றான். வண்டியில் ஒன்றைப் பூட்டியவனும் அவ்வாறே மறுநாளும், மறுவாரமும் நட்டுகளையும் இணைப்பையும் பார்த்தல் வேண்டும். உங்கள் விளைச்சல் காலத்தோடு சந்தைக்குப் போகட்டும். அதனைக் கொண்டுசென்றவரும் நலமே வீடு திரும்பட்டும்.