நூற்றில் ஒருவர்

கடலூர் மாவட்டத்துத் திருவதிகை என்றால் வீரட்டானேசுவரர் கோயில், அடுத்து திலகவதியார். சமணம் கற்கப் போன தம்பி மருள்நீக்கியார் சூலை நோயோடு திரும்பி வந்தபோது, சேர்த்துக்கொள்ள இங்கே ஓர் அக்கா இருந்தார். அந்தத் தம்பியைத்தான் அப்பர் என்கிறோம்.

இன்று கல்லூரியில் மேல் வகுப்பில் படிக்கும் பெண்ணையும் பிள்ளைகள் ‘அக்கா’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். எந்த மேசையில் கையெழுத்து வாங்குவது, உதவித்தொகைக்கு எப்போது விண்ணப்பிப்பது, எல்லாம் அக்கா சொல்லித்தான் தெரியும். பழங்குடி இருளர் வீட்டுப் பிள்ளைக்கு அந்த அக்கா யார்?

கடலூர், விழுப்புரம் பக்கம் இருளர்கள் செங்கல் சூளையிலும் கரும்பு வெட்டிலும் பிழைக்கிறார்கள். முன்பணம் வாங்கினால் குடும்பமே சூளைக்குப் போய்விடும். பள்ளிக்கூடம் ஊரில் நிற்கும். அதையும் தாண்டிப் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தால் சாதிச் சான்றிதழ் வழிமறிக்கும். ஆதிதிராவிடர்களுக்கு வட்டாட்சியரே தரும் சான்றைப் பழங்குடியினருக்குக் கோட்டாட்சியர்தான் தர வேண்டும். அப்பா அம்மாவிடம் சான்று இல்லையென்றால் விசாரணை நீளும்; சேர்க்கைத் தேதி அதற்காகக் காத்திருக்குமா? திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணியும் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கமும் இந்தக் காகிதத்துக்காகவே வருடக்கணக்கில் அலைந்திருக்கிறார்கள்.

சரி, இடம் கிடைத்துவிட்டது. தமிழகத்தில் பழங்குடியினர் இடஒதுக்கீடு 1 சதவீதம். 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகையில் அவர்கள் 1.1 சதவீதம், ஏறக்குறைய 7.95 லட்சம் பேர். கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் நூறு பேர் படிக்கும் இடத்தில் ஒருவர் என்றால், அந்த ஒருவருக்குப் பக்கத்தில் யாருமில்லை என்றுதானே பொருள்? சிறிய துறையில் அந்த ஒருவரும் இருக்கமாட்டார்.

விடுதி உண்டு, உதவித்தொகை உண்டு, அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாயும் உண்டு. குறை சொல்லவில்லை; ஆனால் அந்த ஒருவரின் தனிமையை இவை போக்காது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகம் 1993-இல் முதல்குடி மாணவர்களுக்கென்று வளாகத்திலேயே ஒரு நீள்வீடு திறந்தது. கூடி உட்கார, பெரியவர்களோடு பேச ஓர் இடம். சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கு அவ்வளவு பெரிய கட்டடம் தேவையில்லை. எல்லாத் துறைப் பழங்குடி மாணவர்களும் வாரம் ஒரு மாலை சேர ஓர் அறை போதும்.

கல்வராயன் மலையிலிருந்து வரும் மலையாளிப் பழங்குடிப் பிள்ளையும் சமவெளி இருளர் பிள்ளையும் அங்கேதான் முதன்முதலாகச் சந்திப்பார்கள். ஒரே பட்டியல், வாழ்க்கை வேறு வேறு. வராதவர்களும் இருப்பார்கள். சாதி தெரிந்தால் விடுதி அறையில் பேச்சு மாறிவிடும் என்ற பயம் அவர்களுக்கு. அதனால் அந்த அறையின் வாசலில் வருகைப் பதிவேடு வைக்காமல் இருப்பது நல்லது.