கோணலாக இருந்த மோட்டார்

(நம் சங்கத்தின் கோடை விடுமுறை நிகழ்ச்சியில் ஆற்றிய உரை)



வங்கியில் பேரேடு எழுதி ஓய்வு பெற்றவன், பி.காம். படித்தவன். ரிமோட் விமானத்தைப் பற்றிப் பேச இவருக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். ஒன்றை உடைத்த தகுதிதான்!

பேரனுக்கு இறக்கை மேலே அமைந்த பயிற்சி விமானம் ஒன்று வாங்கினேன். முதல் நாள், த்ராட்டிலை முழுதாகத் தள்ளியதும் மூக்கைத் தூக்கிக்கொண்டு, இடது பக்கம் சாய்ந்து தரையில் குத்தியது. "உனக்குக் கையில் நிதானம் இல்லை" என்று நாலு பேர் முன்னால் அவனைத் திட்டிவிட்டேன். இரண்டு மாதம் அவன் ரிமோட்டைத் தொடவில்லை.

பழுது பார்க்க உட்கார்ந்தபோதுதான் உண்மை தெரிந்தது. மோட்டார் கோணலாக இருக்கிறதே என்று, மவுண்டின் பின்னாலிருந்த வாஷர்களைக் கழற்றி அதை நேராக்கியவனே நான்தான்!

அந்தக் கோணல் வேண்டுமென்றே வைத்தது. பின்னாலிருந்து பார்க்க விசிறி வலமாகச் சுற்றினால், அதன் எதிர்விசை விமானத்தை இடப்பக்கம் சாய்க்கும். விசிறி தள்ளும் காற்றும் உடலைச் சுற்றிச் சென்று வால் துடுப்பின் இடப்பக்கம் மோதி, மூக்கை இடப்பக்கம் திருப்பும். அதனால் மோட்டாரைச் சற்று வலப்பக்கம் திருப்பி வைக்கிறார்கள். வேகம் கூடினால் இறக்கையின் தூக்குவிசையும் கூடி மூக்கு மேலே போகும். அதற்காகச் சற்றுக் கீழ்நோக்கியும் வைக்கிறார்கள். இது போன்ற பயிற்சி விமானங்களில் பெரும்பாலும் 2, 3 டிகிரிதான்.

ரிமோட்டிலுள்ள டிரிம்மை வைத்தே சரிசெய்யலாமே என்பீர்கள். அது டேலி ஆகாத தொகையை சஸ்பென்ஸ் கணக்கில் போடுவது மாதிரி. ஒரு வேகத்துக்குச் சரியாக இருக்கும். த்ராட்டிலை மாற்றினால் வித்தியாசம் மறுபடி தலைகாட்டும்.

சோதிக்கும் முறை இது. முதலில் எடைச் சமநிலை கையேட்டில் சொன்னபடி இருக்கிறதா, இறக்கை முறுக்கில்லாமல் இருக்கிறதா என்று பாருங்கள். காற்று குறைந்த நேரத்தில் பாதி த்ராட்டிலில் மட்டமாகப் பறக்கும்படி டிரிம் செய்யுங்கள். பிறகு த்ராட்டிலை முழுதாகக் கூட்டுங்கள். கொஞ்சம் ஏறினால் பரவாயில்லை. செங்குத்தாக ஏறினால் கீழ்நோக்குக் கோணம் போதாது. மூக்கு தாழ்ந்தால் கோணம் அதிகம். அடுத்து, இறக்கை சாயாமல் முழு த்ராட்டிலில் ஏற விடுங்கள். மூக்கு இடப்பக்கம் திரும்பினால் வலக்கோணத்தைக் கூட்டுங்கள். வலப்பக்கம் திரும்பினால் குறையுங்கள்.

மோட்டாரைக் கீழ்நோக்க வைக்க, மவுண்டுக்கும் மரத்தடுப்புக்கும் நடுவே மேல் போல்ட்டுகளில் வாஷர் போடுங்கள். வலப்பக்கம் திருப்ப, பின்னாலிருந்து பார்க்க இடப்பக்கமுள்ள போல்ட்டுகளில் போடுங்கள். போல்ட்டுகளுக்கு இடையே 50 மி.மீ. இருந்தால், 1 மி.மீ. வாஷர் ஏறத்தாழ 1 டிகிரி தரும். ஒரு தடவைக்கு ஒரே மாற்றம்தான். ஸ்பானரை எடுக்கும் முன் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட வேண்டும், விரல் முக்கியம். நம் வளாகத்துக்குள் பறக்கவிடவே கூடாது.

வாஷர்களைத் திரும்பப் போட்டபின் பேரனைக் கூப்பிட்டு, "தப்பு உன் கையில் இல்லைடா, என் ஸ்பானரில்" என்றேன். ஒன்றும் பேசாமல் ரிமோட்டை வாங்கிக்கொண்டான். விமானம் நேராக ஏறியது.

கணக்கு டேலி ஆகவில்லை என்றால் முதலில் நம் பதிவைத்தான் சரிபார்க்க வேண்டும். அத்தனை வருடம் வங்கியில் இருந்தும் அன்று மறந்துவிட்டேன்.