காட்டில் கண்ணுக்குப் படாதவற்றின் கணக்கு

வெப்பமண்டலக் காட்டில் வாழும் ஊனுண்ணி விலங்குகளைக் கணக்கெடுப்பது, அதே காட்டில் மேயும் மான்களையோ காட்டெருமைகளையோ எண்ணுவதைவிடப் பல மடங்கு கடினமான வேலையாகும். புலி, சிறுத்தை, செந்நாய், புனுகுப்பூனை, கீரி முதலிய விலங்குகள் பிற உயிர்களை இரையாகக் கொள்பவை என்பதால் இரை விலங்குகளைவிட எண்ணிக்கையில் எப்போதும் குறைந்தே இருக்கும். அவற்றுள் பல இரவில் நடமாடுபவை. செந்நாய் போன்ற சிலவற்றைத் தவிர ஏனையவை பெரும்பாலும் தனித்தே திரிபவை. இவற்றோடு அடர்ந்த புதரும் ஓயாத மழையும் சேரும்போது, ஒரு காட்டில் பல ஆண்டுகள் பணிபுரிந்த வனக்காவலரே அங்குள்ள புலியைச் சில முறை மட்டுமே நேரில் கண்டிருப்பார். ஆதலால் ஒரு கணக்கெடுப்பு நம்பத்தக்கதா என்பது, கண்ணுக்குப் படாமல் போன விலங்குகள் எத்தனை என்பதை அது எவ்வாறு மதிப்பிடுகிறது என்பதைப் பொறுத்தே அமைகிறது. இந்தியக் காடுகளில் புலிக் கணக்கெடுப்பு கடந்து வந்த பாதை இதைத் தெளிவாகக் காட்டுகிறது.

ஒடிசாவைச் சேர்ந்த வனத்துறை அதிகாரி சரோஜ் ராஜ் சௌத்ரி 1960களில் வகுத்தளித்த காலடித்தட முறையே நெடுங்காலம் இந்தியாவில் வழக்கில் இருந்தது. புலி நடந்து சென்ற மண்பாதையில் அதன் பின்னங்காலின் தடத்தைக் கண்டுபிடித்து, அதன்மேல் கண்ணாடித் தகட்டைப் பிடித்துக் கோட்டுருவாக வரைந்துகொள்வார்கள். சில இடங்களில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஊற்றி அச்செடுப்பதும் உண்டு. தடத்தின் அளவும் வடிவும் புலிக்குப் புலி வேறுபடும் என்பதும், தேர்ந்த கண் அவற்றைப் பிரித்தறிந்துவிடும் என்பதும் இம்முறையின் அடிப்படை நம்பிக்கைகள். 1972இல் நடந்த முதல் நாடு தழுவிய கணக்கெடுப்பு இந்தியாவில் 1,827 புலிகள் இருப்பதாகக் கூறியது. மறு ஆண்டு புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியதில் அந்த எண்ணுக்குப் பெரும் பங்கு உண்டு.

ஆயினும் ஒரே புலியின் ஒரே கால், மென்புழுதியில் ஓர் அளவிலும் ஈரமணலில் வேறோர் அளவிலும் பதியும். சருகு மூடிய தரையிலும் பாறையிலும் தடமே விழாது. வரைபவரின் கை மாறினால் கோட்டுருவும் மாறிவிடும். இவை அனைத்தையும்விடப் பெரிய குறை ஒன்று இருந்தது. காட்டிலுள்ள எல்லாப் புலிகளின் தடங்களும் தேடுபவர் கண்ணில் பட்டுவிட்டன என்று இம்முறை எடுத்துக்கொண்டதே அது. 2001–02 கணக்கெடுப்பு நாட்டில் 3,642 புலிகள் உள்ளன என்றது. சில ஆண்டுகளுக்குள், 2005இல், ராஜஸ்தானின் சரிஸ்கா சரணாலயத்தில் ஒரு புலிகூட எஞ்சவில்லை என்பது உறுதியாயிற்று. கள்ளவேட்டையால் புலிகள் ஒவ்வொன்றாக மறைந்துகொண்டிருந்த காலத்திலும் ஏடுகளில் அவை உயிரோடு இருந்தன என்பது வருந்தத்தக்க உண்மை. அதன்பின் முறை மாற்றப்பட்டு 2006இல் நடந்த மதிப்பீடு 1,411 என்ற எண்ணைத் தந்தது. இவ்விரு எண்களின் வேறுபாட்டை அப்படியே புலிகளின் அழிவாகக் கொள்வது சரியன்று. இடையில் அளவுகோலே மாறிவிட்டது.

புதிய அளவுகோலின் அடித்தளம் தானியங்கி கேமரா. விலங்கு தன்னைத் தானே படம் பிடித்துக்கொள்ளும்படி செய்வது புதிய எண்ணமன்று, 1920களிலேயே எஃப். டபிள்யூ. சாம்பியன் என்ற வன அதிகாரி, புலியின் கால் இடறினால் படம் எடுக்கும்படி கம்பி கட்டி, வட இந்தியக் காடுகளில் அரிய படங்களை எடுத்திருக்கிறார். இக்காலத்துக் கேமராவில் கம்பி இல்லை. சுற்றுப்புறத்தின் வெப்பத்துக்கும் தன் முன்னே கடந்து செல்லும் உடலின் வெப்பத்துக்கும் உள்ள வேறுபாட்டை உணரும் கருவி ஒன்று அதில் பொருத்தப்பட்டுள்ளது. கோடையின் நண்பகலில் காற்றின் வெப்பம் விலங்கின் உடல் வெப்பத்தை நெருங்கிவிட்டால் இக்கருவி தடுமாறுவதுண்டு.

இக்கேமராக்களை நிறுவும் விதத்தில்தான் களப்பணியாளரின் திறமை வெளிப்படுகிறது. புலியின் உடலில் வலப்பக்கக் கோடுகள் வேறு, இடப்பக்கக் கோடுகள் வேறு; ஒரு பக்கத்தை மட்டும் படமெடுத்தால் ஒரே புலி இரண்டாகக் கணக்கில் ஏறிவிடக்கூடும். ஆகவே பாதையின் இருபுறமும் முழங்கால் உயரத்தில் ஒரு சோடி கேமராக்களைக் கட்டுகிறார்கள். ஒன்றின் பளிச்சொளி மற்றதன் கண்ணைக் கூசச் செய்யாதவாறு சற்று முன்பின்னாக விலக்கி வைக்கிறார்கள். வெயிலில் சூடேறிய புல் காற்றில் ஆடினாலும் கேமரா இயங்கி, விலங்கே இல்லாத படங்களால் நினைவகம் நிறைந்துவிடும் என்பதால் எதிரேயுள்ள புல்லை அறுத்துச் சீராக்குகிறார்கள். பின்னர் வேட்டைத் தடுப்புக் காவலர் ஒருவர் நாலு காலில் ஊர்ந்து கேமராவின் முன்னே கடந்துபோய், புலியின் உயரத்தில் படம் சரியாக விழுகிறதா என்று சோதிக்கிறார். பெட்டிக்குள் ஈரம் புகும், எறும்பு கூடுகட்டும், யானை பிடுங்கி எறியும். இவை மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் அன்றாட இடையூறுகள். எந்தத் திருப்பத்தில் புலி நடக்கும், எந்த ஓடைக் கரையில் சிறுத்தை இறங்கும் என்பதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் அக்காட்டை அறிந்த பழங்குடிக் காவலர்களே. அவர்களின் அறிவு இல்லாமல் கேமரா மட்டும் போதாது.

படங்கள் கிடைத்த பிறகே உண்மையான கணக்கு தொடங்குகிறது. இதற்குக் கைகொடுப்பது, டென்மார்க்கில் பீட்டர்சன் மீன்களுக்கும் அமெரிக்காவில் லிங்கன் வாத்துகளுக்கும் பயன்படுத்திய ‘பிடித்தல் – மறுபடி பிடித்தல்’ என்னும் முறை. ஒரு காட்டில் முதல் சுற்றில் 20 வெவ்வேறு புலிகள் படத்தில் பதிந்தன என்றும், இரண்டாம் சுற்றில் பதிந்த 25 புலிகளில் 10 மட்டுமே முன்பு பார்த்தவை என்றும் வைத்துக்கொண்டால், பதிந்தவற்றில் ஐந்தில் இரண்டு பங்கு பழையவை என்றாகிறது. அப்படியானால் முதல் சுற்றின் 20 புலிகளும் மொத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கே; மொத்தம் 50 என்று மதிப்பிடலாம். இரண்டு சுற்றிலும் சேர்த்துப் படத்தில் வந்தவை 35; எஞ்சிய 15 புலிகள் ஒரு படத்திலும் இல்லை, ஆயினும் கணக்கில் உண்டு. இடையில் புலிகள் பிறந்தோ இறந்தோ வெளியேறியோ கணக்கைக் குழப்பாதிருக்க, கேமராப் பணியைச் சில வாரங்களுக்குள் முடித்துவிடுகிறார்கள். கர்நாடகத்தின் நாகரஹொளே காட்டில் உல்லாஸ் காரந்த் இம்முறையைப் புலிக்குப் பொருத்திக் காட்டி 1995இல் கட்டுரை வெளியிட்டார். 1998இல் அவரும் புள்ளியியல் வழிக் கணக்கீட்டில் வல்லவரான ஜேம்ஸ் நிக்கல்ஸும் சேர்ந்து நாகரஹொளே, கான்ஹா, பெஞ்ச், காசிரங்கா ஆகிய நான்கு காடுகளை ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டபோது, 100 சதுர கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 4 புலிகள் முதல் 17 புலிகள் வரை அடர்த்தி வேறுபடுவது தெரியவந்தது. கேமரா வலைக்கு வெளியே வாழ்ந்து அவ்வப்போது உள்ளே வந்துபோகும் புலிகளை எந்தப் பரப்பில் சேர்ப்பது என்ற சிக்கல் மட்டும் நீடித்தது. ஒவ்வொரு விலங்கும் எந்தெந்தக் கேமராவில் பதிந்தது என்பதிலிருந்து அதன் வாழிடத்தின் மையத்தை மதிப்பிடும் கணித முறைகள் 2004க்குப் பின் வளர்ந்து இச்சிக்கலைப் பெரிதும் தீர்த்தன.

2018ஆம் ஆண்டின் இந்திய மதிப்பீட்டில் 26,838 இடங்களில் கேமராக்கள் நிறுவப்பட்டு, ஏறக்குறைய மூன்றரைக் கோடிப் படங்கள் சேர்ந்தன. அவற்றுள் புலி இருந்தவை 76,651 மட்டுமே. அவற்றிலிருந்து கோடுகளை ஒப்பிட்டுத் தனித்தனியாக அடையாளம் கண்ட புலிகள் 2,461; நாட்டின் மொத்த மதிப்பீடோ 2,967. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள ஐந்நூற்றுச் சொச்சம் புலிகளைக் கற்பனை என்று ஒதுக்குவதும், பிழையே இல்லாத எண் என்று கொண்டாடுவதும் ஒருசேரத் தவறு. மதிப்பீட்டோடு அதன் பிழை எல்லையும் சேர்த்தே சொல்லப்பட வேண்டும். செய்தித் தலைப்புகளில் அந்த எல்லை பெரும்பாலும் விடுபட்டுப் போவது பெருங்குறை.

உடலில் அடையாளம் தெரியாத விலங்குகளுக்கு இந்த வழி எளிதில் வாய்ப்பதில்லை. மலேசியத் தீபகற்பத்தின் சிறுத்தைகள் ஏறக்குறைய அனைத்தும் கருஞ்சிறுத்தைகள். பகல் ஒளியில் அவற்றின் புள்ளிகள் கருமையில் மறைந்துவிடுகின்றன. ஆனால் அகச்சிவப்பு ஒளியில் எடுத்த படத்தில் அப்புள்ளிகள் தெளிவாகத் தெரியும். திரங்கானு மாநிலக் காடொன்றில் ஆய்வாளர்கள் கேமராவின் ஒளியுணர் பகுதியை மூடி, பகலையும் இரவென்று அது கருதும்படி செய்து, எப்போதும் அகச்சிவப்பிலேயே படமெடுக்கச் செய்தார்கள். அதன் பயனாகக் கருஞ்சிறுத்தைகளின் அடர்த்தியை மதிப்பிட்டு 2015இல் வெளியிட முடிந்தது.

செந்நாய்க்கு அந்த வாய்ப்பும் இல்லை. அதன் எச்சத்தையே நாட வேண்டியிருக்கிறது. எச்சத்தின் மேற்புறத்தில் ஒட்டியிருக்கும் குடல் உயிரணுக்களிலிருந்து மரபணுவைப் பிரித்தெடுத்தால், இனத்தை மட்டுமன்றி எந்தத் தனி விலங்கு என்பதையும் அறியலாம். பந்திப்பூரில் புலி எச்சங்களைக் கொண்டு செய்த ஆய்வின் முடிவு கேமரா வழி மதிப்பீட்டோடு ஒத்துப்போனதை 2009இல் வெளியான கட்டுரை காட்டியது. பின்னர் வயநாட்டில் செந்நாய்களையும் இவ்வாறே மதிப்பிட்டிருக்கிறார்கள். வெப்பமண்டலத்தில் இதற்குள்ள பெருந்தடை காலம்: ஒரு மழையில் மரபணு கரைந்துவிடும், சாணவண்டுகள் எச்சத்தையே உருட்டிச் சென்றுவிடும். தனி விலங்கை அறிய இயலாத இடத்தில், காட்டைக் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் பலமுறை தடயம் தேடி, எத்தனை முறை கிடைத்தது, எத்தனை முறை கிடைக்கவில்லை என்பதிலிருந்து அந்த விலங்கு வாழும் பரப்பை மதிப்பிடுகிறார்கள். தடயம் கிடைக்காததாலேயே விலங்கு இல்லை என்று முடிவு கட்டாத நேர்மை இம்முறையில் உண்டு.

இவ்வளவு முன்னேற்றத்துக்குப் பிறகும் சிறிய ஊனுண்ணிகள் ஓரமாகவே நிற்கின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டுமே வாழும் பழுப்பு மரநாயும் நீலகிரி மார்ட்டெனும் பெரும்பொழுதை மரங்களில் கழிப்பவை. புலிக்காக வண்டிப்பாதை ஓரத்தில் முழங்கால் உயரத்தில் வைத்த கேமரா அவற்றைத் தற்செயலாகவே பதிவு செய்கிறது. களக்காடு முண்டந்துறையில் திவ்யா முத்தப்பா பழுப்பு மரநாய்களுக்கு ரேடியோ பட்டை அணிவித்து ஆராய்ந்தபோது, அவை பகலில் மரப்பொந்துகளிலும் கொடிப் பின்னல்களிலும் மலையணில் கட்டிய கூடுகளிலும் உறங்குவது தெரியவந்தது. அவற்றின் எச்சத்தில் இருந்த பழவிதைகள், ஊனுண்ணிகளின் வரிசையில் வைக்கப்படும் இவ்விலங்கு பழங்களையே பெரிதும் உண்டு காட்டின் மரங்களைப் பரப்புகிறது என்பதை உணர்த்தின. இத்தகைய விலங்குகளுக்கு மரக்கவிகையில் ஏற்றிய கேமராவும், பாதையை விட்டு விலகிச் சோலைக்குள் தேடும் எச்சமும், ஒரே இடத்தில் ஆண்டுதோறும் அதே பருவத்தில் திரும்பத் திரும்பச் செய்யும் பணியும் தேவைப்படுகின்றன. புலிக்காக நான்காண்டுக்கு ஒருமுறை ஒதுக்கப்படும் பணத்திலும் ஆட்களிலும் ஒரு சிறு பங்கு இவற்றுக்கென்று திருப்பப்பட்டாலே அந்தப் பணியைத் தொடங்கிவிட முடியும்.