அம்மம்மாவின் வாயைப் பார்க்க ஒரு பிள்ளை



களுதாவளை வெற்றிலை விற்ற காசில் படித்தவள் நான். இன்று என்னிடம் வருவதோ, அந்த வெற்றிலையோடு பாக்கும் புகையிலையும் சேர்த்து மென்று புண்ணான வாய்கள். அநேகர் பிந்தித்தான் வருகிறார்கள்.

பேராசிரியர் சமன் வர்ணகுலசூரியவின் குழு நம் நாட்டுக் கிராமத்துச் சுகாதாரப் பணியாளர்களைப் பயிற்றி, வாய்ப்புற்றின் முன்குறிகளைத் தேட வைத்தது. அந்த முடிவுகள் 1984இல் உலக சுகாதார நிறுவனச் சஞ்சிகையில் வெளிவந்தன. ஆய்வு என்றால் கொழும்பு ஆய்வுகூடம் மட்டுமல்ல, பிள்ளைகளே.

எனக்கு இதைச் சொல்லித்தர ஆளிருக்கவில்லை. முதல் கட்டுரை மூன்று தரம் திரும்பி வந்தது. (அழுததை இங்கே சொல்லவில்லை.)

அதிபர் அம்மா, உயர்தரம் எழுதிவிட்டு இருக்கும் இரண்டு பிள்ளைகளை என்னிடம் அனுப்புங்கள். "வாயைத் திறங்க அம்மம்மா" என்று என்னைவிட அவர்கள் சொன்னால் எடுபடும். பார்த்ததைப் பிழையில்லாமல் பதிய நான் பழக்குகிறேன். பஸ் காசும் என் பொறுப்பு.