முன்பணம் விலங்காகக் கூடாது



ஆடைத் தொழில்நுட்பமும் வணிகவியலும் படித்து முடித்து இன்று பட்டம் பெறும் உங்களில் சிலர் பெரிய ஏற்றுமதி நிறுவனங்களுக்குப் போவீர்கள். பலர் இருபது, முப்பது தையல் எந்திரங்களோடு சொந்தமாகத் தொடங்குவீர்கள், அல்லது அப்பாவின் யூனிட்டை ஏற்று நடத்துவீர்கள். இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் திருப்பூரிலிருந்து போகிறது. அந்தப் பெருமையைத் தாங்கி நிற்பதில் சிறு நிறுவனங்களுக்குப் பெரும் பங்கு உண்டு. அவற்றை நடத்தப்போகும் உங்களிடம் நான் கேட்க வந்தது ஒன்றுதான்: உங்கள் ஆர்டருக்காக உழைக்கும் ஒவ்வொருவரும், வேண்டாம் என்று தோன்றினால் வேலையை விட்டுப் போக முடிகிறதா?

கொத்தடிமை என்றதும் செங்கல் சூளையும் அரிசி ஆலையும்தான் நம் நினைவுக்கு வரும். நூற்பாலை வருவதில்லை. ஆனால் கோவை, ஈரோடு, திண்டுக்கல் வட்டாரங்களில் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் நடந்ததை உங்கள் பெற்றோர் அறிவார்கள். வறுமையில் வாடிய கிராமங்களிலிருந்து பதின்வயதுப் பெண்களைத் தரகர்கள் அழைத்து வந்தார்கள். மூன்றாண்டு ஆலை விடுதியிலேயே தங்கி வேலை செய்தால், முடிவில் கல்யாணச் செலவுக்கு முப்பதாயிரம், ஐம்பதாயிரம் என்று மொத்தமாகத் தருவதாகச் சொன்னார்கள். அந்தத் தொகை பெரும்பாலும் அவர்களின் கூலியிலிருந்தே பிடித்து வைத்த பணம். உடம்புக்கு முடியாமல் பாதியில் ஊர் திரும்பிய பெண்கள் பலருக்கு அது வந்து சேரவே இல்லை. 2011-இல் நெதர்லாந்து ஆய்வு அமைப்புகள் இதைப் பற்றி அறிக்கை வெளியிட்டன. அந்த ஆலைகளில் நூற்ற நூலின் பயணம் ஐரோப்பியக் கடைகளில் தொங்கும் ஆடைகள் வரை நீள்வது அதில் தெரிந்தது.

இந்தத் துயரம் தமிழர்களுக்குப் புதியதல்ல. இலங்கைத் தோட்டங்களுக்குக் கங்காணிகள் அழைத்துச் சென்ற நம் மக்களின் கடன் 'துண்டு' என்ற சீட்டில் ஏறியது. அந்தக் கடன் தீராமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. 1921-இல்தான் அந்தத் துண்டு முறை ஒழிக்கப்பட்டது. இன்று ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் நம் ஊர் ரயில் நிலையத்தில் வந்திறங்கும் இளைஞர்களில், ஏஜென்ட்டிடம் பட்ட கடனோடு வருபவர்கள் இருக்கிறார்கள். நம் முன்னோரின் வலியை அவர்களுக்கு நாம் தரலாமா?

சட்டம் தெளிவாக இருக்கிறது. அரசியலமைப்பின் 23-ஆவது பிரிவு கட்டாய உழைப்பைத் தடை செய்கிறது. 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம், அப்படிப் பிணைத்து வைத்த கடனையே செல்லாததாக்கிவிட்டது. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவதும் கட்டாய உழைப்பே என்று 1982-இல் ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பட்டினியால் தள்ளப்பட்டு ஒருவர் சம்மதிப்பது உண்மையான சம்மதம் ஆகாது என்பதே அதன் சாரம்.

நம் ஆடைகளை வாங்கும் பிரிட்டனின் 2015-ஆம் ஆண்டு நவீன அடிமைத்தன ஒழிப்புச் சட்டம், ஆண்டு விற்றுமுதல் 3.6 கோடி பவுண்டுக்குக் குறையாத நிறுவனங்களைத்தான் அறிக்கை தரச் சொல்கிறது. நாம் அந்த அளவில் இல்லையே என்று இருந்துவிடாதீர்கள். கட்டாய உழைப்பு இல்லை என உறுதி கேட்டு பையர் அனுப்பும் படிவம் உங்கள் மேசைக்கும் வரும். நூல் வந்த ஆலையை எட்டிப் பார்க்காமல் அதில் கையெழுத்துப் போட்டால், அது பொய்க் கையெழுத்து.

இந்த விஷயத்தில் சிறு நிறுவனத்துக்கு இருக்கும் பலம் பெரிய நிறுவனத்துக்கு இல்லை. லண்டனில் இருக்கும் பையர் எப்போதாவது ஒரு முறை ஆடிட்டரை அனுப்புவார். நீங்கள் வண்டியை எடுத்தால் நூற்பாலை, நிட்டிங், சாயப்பட்டறை, பவர்டேபிள் தையல் யூனிட் என்று எல்லாவற்றையும் நேரில் பார்த்துவிடலாம். போனால் முதலாளியின் அறையிலேயே டீ குடித்துவிட்டுத் திரும்பாதீர்கள். வார்டன் பக்கத்தில் இல்லாதபோது தொழிலாளர்களிடம் பேசுங்கள். உன் ஏடிஎம் கார்டு யார் கையில் இருக்கிறது? ஆதார் அட்டை யாரிடம்? இந்த வேலைக்கு வர எவ்வளவு கொடுத்தாய்? ஞாயிற்றுக்கிழமை தனியாகக் கடைவீதிக்குப் போக முடியுமா? பிறகு கூலிச் சீட்டை வாங்கிப் பாருங்கள். பி.எஃப்., கேன்டீன், ஹாஸ்டல், அட்வான்ஸ் என்று பிடித்தம் வரிசையாக இருக்கும். மாதாமாதம் பிடித்தும் அட்வான்ஸ் பாக்கி குறையவில்லை என்றால், அந்த இடத்தில் ஏதோ தவறு இருக்கிறது. உங்கள் வாசலில் நிற்கும் செக்யூரிட்டியையும், லோடு ஏற்ற கான்ட்ராக்டர் அழைத்து வரும் ஆட்களையும் இதே போலக் கேளுங்கள்.

அடுத்து, நீங்கள் கொடுக்கும் ரேட்டைப் பாருங்கள். பீஸுக்கு இருபது காசு குறைத்து, ஷிப்மென்ட்டை நான்கு நாள் முன்னுக்குத் தள்ளினால், அந்தச் சுமை கடைசியில் தையல் எந்திரத்தின் முன் அமர்ந்திருக்கும் பெண்ணின் இரவுத் தூக்கத்தில்தான் விழும். குறைந்தபட்சக் கூலி கொடுக்கக் கட்டுபடியாகாத விலையில் ஜாப் ஒர்க் கொடுத்துவிட்டு, அங்கே அநியாயம் நடக்கிறது என்று சொல்ல நமக்கு உரிமையில்லை.

தவறு தெரியவந்தால் உடனே ஆர்டரை நிறுத்திவிட்டு ஒதுங்கிவிடாதீர்கள். அதில் முதலில் தெருவுக்கு வருபவர் அந்தத் தொழிலாளிதான். யாரையாவது பிணைத்து வைத்திருந்தால் மாவட்ட ஆட்சியருக்கோ கோட்டாட்சியருக்கோ தெரிவியுங்கள். விடுவிப்புச் சான்றிதழ் அந்தத் தொழிலாளியின் கைக்கு வரும்வரை துணை நில்லுங்கள். ஏஜென்ட்டுக்குக் கொடுத்த பணம் அவருக்குத் திரும்பக் கிடைக்கச் செய்யுங்கள். தொழிலாளர்கள் சங்கமாகச் சேர்ந்தால் அஞ்சாதீர்கள். 2022-இல் கையெழுத்தான திண்டுக்கல் ஒப்பந்தம், ஆடைத் தொழிற்சாலையில் பெண்கள் மீதான வன்முறையைத் தடுக்கத் தொழிற்சங்கமும் நிறுவனமும் வெளிநாட்டு பிராண்டும் ஒரே மேசையில் அமர முடியும் என்று காட்டியிருக்கிறது. வழி நம் மண்ணிலேயே இருக்கிறது.

அன்பு மாணவர்களே, லாபம் சம்பாதியுங்கள், நிறுவனத்தைப் பெரிதாக்குங்கள். ஆனால் உங்கள் முதல் ஆர்டரை எடுக்கும் நாளிலேயே மூன்று விதிகளை எழுதி வையுங்கள்: யாருடைய அடையாள அட்டையையும் பிடித்து வைக்க மாட்டேன், வேலைக்காக யாரும் தரகருக்குப் பணம் கொடுக்க விடமாட்டேன், கடனைக் காட்டி யாரையும் நிறுத்தி வைக்க மாட்டேன். இந்த மூன்றையும் உங்களுக்கு வேலை செய்து தரும் ஒவ்வொரு யூனிட்டிடமும் கேட்டு வாங்குங்கள்.